மடுக் காட்டில் ஆவணிப் பனி

மதவாச்சியைக் கடந்து மன்னார்ப் பாதையில் கொஞ்சத் தூரம் ஓடியதும் சேவியர் மாஸ்ரர் எழுந்து பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். விடிந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது. இரண்டு பக்கமும் காடு.

"எல்லாரும் இறங்குங்கோ. இறங்கி நிண்டு மூச்சை நல்லா உள்ளுக்கு எடுங்கோ. இது காத்தில்லை, மருந்து."

ஆவணித் திருவிழாவுக்காகக் கொட்டாஞ்சேனையிலிருந்து மடு மாதா கோயிலுக்குப் புறப்பட்ட பஸ் அது. எங்கள் ஒழுங்கையும் பக்கத்துத் தெருக்களும் சேர்ந்து வருடா வருடம் ஒரு பஸ் பிடிக்கும். அந்தப் பயணத்துக்குத் தலைவர், செயலாளர், எதிர்க்கட்சி எல்லாமே மாஸ்ரர்தான். ஆகவே எல்லோரும் இறங்கினார்கள். றோட்டோரத்தில் வரிசையாக நின்று மூச்சை எடுத்தார்கள். எடுத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்கள்.

அந்த வருடம் அந்த மருந்துக்கு நோயாளி நான்தான்.

"நீயும் எடு, தம்பி."

எடுத்தேன். முட்டு வருத்தக்காரனுக்கு, அதாவது ஆஸ்துமாக்காரனுக்கு, மூச்சை எடுப்பதில் பெரிய கஷ்டம் கிடையாது. எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதில்தான் சிக்கல். இந்த ஒரு விசயத்தில் நான் சிறுவயதிலேயே பல பெரிய மனிதர்களைப் போல இருந்தேன்.

பாலை மரங்களுக்கும் வீரை மரங்களுக்கும் நடுவே வெள்ளையாக ஏதோ தாழப் படுத்திருந்தது. மரங்களின் இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. பிலோமினா அன்ரி சேலைத் தலைப்பை இழுத்துக் காதை மூடினார். மாஸ்ரர் பையிலிருந்து கம்பளிச் சுவெற்றரை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"பனியைப் பாருங்கோ, பனியை! நுவரெலியா மலையே பிச்சை வாங்கவேணும்."

எல்லோரும் பனியைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அம்மா என் கழுத்தில் துவாயைச் சுற்றிவிட்டு, மாதாவுக்கு மனதுக்குள் ஏதோ சொன்னார். அவருடைய முகத்தில் அன்றைக்கு இருந்த நம்பிக்கையை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு இறுகுகிறது. மருத்துவர் இதற்கு வேறு காரணம் சொல்வார்.

வேறொரு வருத்தம்

மூன்று வாரமாக இந்தப் பக்கத்தில் என் கல்யாண வாழ்க்கையைப் பற்றி எழுதிவந்தேன். இந்த வாரமாவது வேறு ஏதாவது வருத்தத்தைப் பற்றி எழுதும்படி மனைவி கேட்டுக்கொண்டார். எனக்கு இன்னொரு வருத்தம்தான் உண்டு.

அதை நினைவூட்டியது வெள்ளவத்தை வானம். நாங்கள் இப்போது அங்கே கடற்கரைப் பக்கம் ஒரு மாடியில் இருக்கிறோம். வருடத்தில் சில நாட்கள் கடல் காணாமல் போய்விடும். இரைச்சல் கேட்கும், தண்ணீர் தெரியாது. எங்கிருந்தோ வருகிற புகையும் தூசியும் என்று செய்தியில் சொல்கிறார்கள். மேல் மாடிக்காரர் மட்டும் பல்கனியில் நின்று படம் எடுத்து, "வடிவான பனி" என்று எழுதி எல்லோருக்கும் அனுப்பியிருந்தார். நான் ஜன்னலைப் பூட்டிவிட்டு, மருந்துக் குழாயை வாயில் வைத்து இரண்டு முறை அமுக்கிவிட்டு, சேவியர் மாஸ்ரரை நினைத்துக்கொண்டேன்.

என் நெஞ்சும் துறைமுகமும்

எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து கத்தினால் துறைமுகத்துக்குக் கேட்கும். அப்பா அங்கேதான் கிளாக்கராக இருந்தார். எந்தக் கப்பலில் என்ன சாமான் இறங்குகிறது என்று எழுதிவைப்பது அவர் வேலை. ஆனால் அவர் கந்தோரில் பேனையைத் திறப்பதற்கு முன்னமே என் நெஞ்சு அறிவித்துவிடும். கோதுமை மா இறங்கினால் மெல்லிய விசில். சீமெந்து என்றால் கரகரப்பு. செத்தல் மிளகாய் வந்த நாட்களில் ஒழுங்கை முழுவதும் தும்மும். நான் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போவேன்.

"இண்டைக்கு என்ன, மாவோ?" என்று அப்பா என் முதுகில் காதை வைத்துக் கேட்பார்.

"பிள்ளைக்கு மூச்சு முட்டுது, உங்களுக்குப் பகிடி" என்று அம்மா சீறுவார்.

பகிடி விடாவிட்டால் அப்பா அழுதிருப்பார் என்பது எனக்குப் பிள்ளை பெற்ற பிறகுதான் தெரிந்தது.

மார்கழியில் வாடை திரும்பினால் ஆஸ்பத்திரி நிச்சயம். தையில் மறுபடி. இடையில் யாராவது வீட்டுக்கு வெள்ளை அடித்தால் அதற்கொரு முறை. பிள்ளைகள் வார்டில் எனக்கு ஜன்னலோரக் கட்டில் வழக்கமாகிவிட்டது. வாசலில் கண்டதுமே பெரிய தாதி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, "ஆயெத் ஆவாத, புத்தே?" என்பார். மறுபடி வந்துவிட்டாயா மகனே என்று அர்த்தம். அதில் ஒரு வரவேற்பு இருக்கும். வேறு எந்த இடத்திலும் என்னை அப்படி வரவேற்றதில்லை, மாமனார் வீடு உட்பட.

பினாயில் மணம், எனாமல் கோப்பையில் சூடான பால், ஒட்சிசன் குழாயின் இறப்பர் மணம். ஊசி போட்டதும் இதயம் ஓடுகிற ஓட்டத்தில் கட்டில் நடுங்கும். பிறகு திடீரென்று நெஞ்சுக்குள் ஒரு கதவு திறக்கும். அந்த நிமிடத்தில் பக்கத்துக் கட்டில்காரனின் இருமல்கூடச் சங்கீதமாகக் கேட்கும்.

வீட்டு வைத்தியங்களையும் சொல்ல வேண்டும். ஆடாதோடைக் கசாயம். தூதுவளைச் சம்பல். ஒரு வருடம் வௌவால் இறைச்சி. கோழி என்று சொல்லித்தான் தந்தார்கள். அவ்வளவு சின்ன எலும்போடு ஒரு கோழி உலகத்தில் இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சாப்பிட்டேன். கடைசியில் ஒரு துளி மடு மண்ணைத் தண்ணீரில் கரைத்துத் தருவார்கள். திருவிழாவுக்குப் போகிறவர்கள் கோயில் மண்ணைக் கொண்டுவந்து தகர டப்பாவில் வைத்திருப்பது எங்கள் வழக்கம். பாம்புக் கடிக்குக் கேட்கும் மண் முட்டுக்கும் கேட்கும் என்பது அம்மாவின் வாதம்.

காற்று மாற்றவேணும்

அந்த வருடம் மார்கழிக்கும் சித்திரைக்கும் இடையில் நான் வீட்டில் இருந்ததைவிட வார்டில் இருந்தது கூட. கடைசி முறை உதடு நீலமாகிவிட்டது. வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, பிள்ளைக்குக் காற்று மாற்றம் தேவை என்றார். துறைமுகத் தூசியில் வைத்திருந்தால் அடுத்த மார்கழி எப்படிப் போகுமென்று தன்னால் சொல்ல முடியாது என்றார்.

எங்கே மாற்றுவது? ஒழுங்கை முழுவதும் கூடி ஆலோசித்தது. மாஸ்ரர்தான் தீர்ப்புச் சொன்னார்.

"மடுப் பக்கம் அனுப்புங்கோ. காடு. தூசியில்லை, புகையில்லை. காலமையில எப்பிடிப் பனி எண்டு நாங்க வருசா வருசம் பாக்கிறம்தானே?"

அந்தப் பக்கத்தில் எங்களுக்கு ஆளும் இருந்தது. அம்மாவின் அண்ணன் ஜோர்ஜ் மாமா மன்னார்ப் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷனில் ஸ்டேஷன் மாஸ்டர். ஸ்டேஷனைச் சுற்றிக் காடு, காட்டைச் சுற்றியும் காடு. மாமாவுக்கும் மாமிக்கும் பிள்ளைகள் இல்லை. அம்மா ஒரு கடிதம் போட்டதும் பதில் வந்த வேகத்தைப் பார்த்தால், ரயிலை மறித்துக் கொடுத்தனுப்பியிருப்பார் போலிருந்தது. பெடியனைக் கொண்டுவந்து விடுங்கோ, பள்ளிக்கூடம் கிட்டத்தில் இருக்கிறது, நாங்கள் வளர்க்கிறோம் என்று எழுதியிருந்தார்.

முடிவு இதுதான். திருவிழாவுக்கு எல்லோரோடும் போவது. மடுவில் தங்கும் நாட்களில் எனக்கு மூச்சு நன்றாக இருந்தால் என்னை மாமாவோடு விட்டுவிட்டு வருவது. எத்தனை வருடத்துக்கு என்று யாரும் சொல்லவில்லை. என்னைக் கேட்கவுமில்லை. எனக்கு எட்டு வயது. எட்டு வயதில் ஒருவனுடைய நெஞ்சைத்தான் கேட்பார்கள்.

"எப்பிடி மனம் வருது உனக்கு?" என்று அப்பா குசினியில் கேட்டது எனக்குக் கேட்டது.

"பிள்ளை உயிரோட இருந்தாக் காணும்" என்றார் அம்மா. "எங்க இருந்தா என்ன."

சொல்லிவிட்டு, கழுவிய கோப்பையையே மறுபடி கழுவினார்.

நல்ல மூச்சு

மடுவில் கோயிலைச் சுற்றிக் காட்டுக்குள் மரத்துக்கு மரம் சீலை கட்டிக் குடியிருப்பார்கள். மன்னார்க்காரர், யாழ்ப்பாணத்தார், நீர்கொழும்பார், சிலாபத்துச் சிங்களவர், எல்லோரும் அடுத்தடுத்த மரத்தடியில். எங்களுக்கும் ஒரு மரம் இருந்தது. மாமாவும் மாமியும் முதலே வந்து அதைப் பிடித்து வைத்திருந்தார்கள்.

என் அதிர்ஷ்டத்தைப் பாருங்கள். முதல் நாள் முட்டு இல்லை. அடுத்த நாளும் இல்லை. கச்சான் காற்று பலமாக வீசி மரங்களை ஆட்டிக்கொண்டிருந்தது. நான் ஓடினேன். ஓடுவது என்றால் என்னவென்று அதுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாக ஓடி, விழுந்து, முழங்காலை உரசிக்கொண்டு வந்தேன்.

"பாத்தியளோ! மருந்து வேலை செய்யுது!" என்றார் மாஸ்ரர், தானே கலந்து கொடுத்தவர் மாதிரி.

மாமி என்னைப் பக்கத்தில் இருத்தித் தலை வாரிவிட்டார். எனக்குக் கட்டில் வாங்கி ஜன்னலுக்குக் கீழே போட்டிருப்பதாகச் சொன்னார். ரயில் வரும்போது பச்சைக் கொடி காட்டலாம் என்று மாமா ஆசை காட்டினார். எந்தப் பெடியனுக்கும் வாய் ஊறும் ஆசை. எனக்கும் ஊறியது. ஆனால் அம்மா என் உடுப்புகளைப் பிரித்துத் தனியாக ஒரு பைக்குள் வைப்பதையும் கண்டேன்.

வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு மூச்சு நன்றாக வந்தது. முதல் தடவையாக அது வராமல் இருந்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

திருநாள் காலை

நினைத்ததை யாரோ கேட்டுவிட்டார்கள்.

பெரிய பூசைக்கு முதல் நாள் பின்னேரம் கச்சான் விழுந்துவிட்டது. ஓர் இலையும் ஆடவில்லை. திருநாள் விடிந்தபோது பனி எங்கள் சீலைக்குள்ளேயே வந்து படுத்திருந்தது. பக்கத்து மரத்தடி தெரியவில்லை. ஆயிரக்கணக்கான விறகடுப்பு எரிகிற இடம், கண் எரிந்தால் அடுப்பைத்தான் திட்டுவோம். மாஸ்ரர் சுவெற்றரோடு எழுந்து, "ஆகா" என்றார்.

நான் எழும்பி இருந்து, முழங்கால் இரண்டையும் கைகளால் பிடித்துக்கொண்டேன். அந்த இருப்பைப் பார்த்த உடனேயே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

மாத்திரை கொடுத்தார்கள். கேட்கவில்லை. மண் கரைத்துக் கொடுத்தார்கள். அதுவும் கேட்கவில்லை. அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு முதலுதவிக் கொட்டகைக்கு ஓடினார். காலில் முள் குத்தியவருக்கும் வெயிலில் மயங்கியவருக்கும் போட்ட கொட்டகை அது. அங்கிருந்தவர் என் விலா எலும்புகளுக்கு இடையில் தோல் உள்ளே போய் வருவதைப் பார்த்துவிட்டு, வவுனியாவுக்குக் கொண்டுபோகச் சொன்னார். உடனே.

உடனே கிடைத்த ஒரே வாகனம் எங்கள் பஸ். சாரதி குணே அய்யே வேட்டி கட்டி, பூத்தட்டோடு கோயிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அவர் பௌத்தர். ஆனாலும் மடு மேணியோ என்று அவர் சொல்லும் மாதாவுக்கு வருடம் ஒருமுறை பூ வைக்காமல் அவர் வண்டி ஓட்டியதில்லை. என்னைக் கண்டதும் பூத்தட்டை ஒரு வேரடியில் வைத்துவிட்டு பஸ்ஸில் ஏறினார்.

ஏறி என்ன? பஸ்ஸுக்கு முன்னால் கடலளவு சனம். பூசைக்கு நேரமாகிவிட்டது, எல்லோரும் கோயிலை நோக்கி வருகிறார்கள். நாங்கள் கோயிலை விட்டு வெளியே போகவேண்டும். குணே அய்யே கோர்னை அடித்தார். கோர்ன் சத்தத்தைப் பூசை மணியாக நினைத்துச் சனம் இன்னும் விரைவாக எதிரே வந்தது.

எதிர்த் திசையில் ஒரு சுற்றுப்பிரகாரம்

பிலோமினா அன்ரிதான் முதலில் முன்னுக்குப் போனார். எங்கள் ஒழுங்கையில் அவருடைய வாய்க்குப் பயப்படாதவர்கள் இல்லை. அவருடைய மகளுக்கு வரன் அமையவில்லை என்று அந்த வருடம் ஒரு நேர்த்தி வைத்திருந்தார். மகளுடைய உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி செய்வித்து, திருநாள் பூசையில் மாதாவுக்கு முன்னால் கொளுத்துவதாக நேர்த்தி. மகள் நல்ல உயரம். அந்தத் திரியைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு முன்னால் நடந்தார்.

"வழி விடுங்கோ! பிள்ளைக்கு மூச்சில்லை! உங்கட பாவமெல்லாம் பிறகு சொல்லலாம், இப்ப விலகுங்கோ!"

அவருக்குப் பின்னால் மாஸ்ரர். அவருக்குப் பின்னால் கொட்டாஞ்சேனை முழுவதும். ஒருவருக்கொருவர் கை கோத்து, சனத்தைப் பிளந்து, பஸ்ஸுக்கு ஒரு பாதை செய்தார்கள். பஸ் நடக்கும் வேகத்தில் பின்னால் ஊர்ந்தது. நான் முன் சீற்றில் அம்மாவின் மடியில். மாமா கதவுப் படியில் தொங்கிக்கொண்டு வந்தார்.

எதிரே வந்தவர்கள் பார்த்தது இதைத்தான்: ஆள் உயரத் திரியோடு ஒரு பெண், கை கோத்த சனம், பின்னால் மெதுவாக ஊர்ந்து வரும் வாகனம். ஏதோ ஊரிலிருந்து வந்த சுற்றுப்பிரகாரம் என்று நினைத்துவிட்டார்கள். சிலர் முழந்தாளிட்டார்கள். ஓர் அம்மா பஸ்ஸின் முகப்பில் பூவை எறிந்து நெற்றியில் சிலுவை போட்டார். பின்னால் ஒரு கூட்டம் சேர்ந்து பாடத் தொடங்கிவிட்டது. கண்ணாடிக்குள் வாயைப் பிளந்துகொண்டு இருந்த என்னை என்ன சுரூபம் என்று எடுத்தார்களோ தெரியாது. என்னைப் பார்த்து யாராவது கும்பிட்டது அந்த ஒரு நாள்தான். அதையும் நான் சரியாகப் பார்க்கவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"மல்லி, ஹுஸ்ம கன்ன" என்றார் குணே அய்யே, றோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். மூச்சை எடு, தம்பி. வளைவுக்கு வளைவு அதையே சொன்னார்.

காட்டுப் பாதையில் சனம் குறைந்து பஸ் ஓடக்கூடிய இடம் வந்தபோது கோயிலில் பெரிய மணி அடித்தது. பூசை தொடங்கிவிட்டது. முன்னால் நடந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். வியர்வையில் குளித்து, செருப்பு அறுந்து நின்றார்கள். பிலோமினா அன்ரியின் திரி நெரிசலில் நடுவில் முறிந்து, திரிநூலில் தொங்கிக்கொண்டிருந்தது. வருடம் முழுவதும் காத்திருந்த பூசையை அன்றைக்கு அவர்களில் ஒருவரும் காணவில்லை. அவர்கள் திரும்பி நடந்து போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

யார் யாருக்கு என்னென்ன நேர்த்தி இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஒருவருக்கு வேலை, ஒருவருக்குப் பிள்ளை, ஒருவருக்குக் குடிகாரப் புருசன். எல்லாவற்றையும் றோட்டில் போட்டுவிட்டு எனக்கு வழி விட்டார்கள்.

வராந்தாவில்

வவுனியா ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு ஒட்சிசன் வைத்தார்கள். பின்னேரமாகத்தான் நெஞ்சுக்குள் அந்தக் கதவு திறந்தது. இளம் டொக்டர் ஒருவர் கட்டிலடியில் நின்றார்.

"எந்த ஊர்?"

"கொட்டாஞ்சேனை" என்றார் அம்மா. "காத்து மாத்த வந்தனாங்கள்."

"கடலடியில இருந்துகொண்டு ஆவணியில காட்டுக்கோ வந்தனீங்கள், காத்துக்கு?" என்றுவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். அம்மாவுக்கு அது விளங்கவில்லை.

பெரியவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. மூச்சுத் திணறுகிற பிள்ளைக்குக் காதும் கேட்காது என்று. அம்மா தண்ணீர் எடுக்கப் போன நேரம், என் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே வராந்தாவில் நின்று மாமா அப்பாவோடு கதைத்தார்.

"மச்சான், அது பனியில்லை."

"எது?"

"காலமையில நீங்க எல்லாரும் பனி பனி எண்டு பாக்கிறது. ஆவணியில எங்க பனி? சேனை விதைக்கிறதுக்குக் காடு வெட்டி எரிக்கிற புகை. மாரி மழைக்கு முதல் எரிச்சு முடிக்கவேணும். காத்து விழுந்தா அப்பிடியே நிலத்தில படுத்திடும்."

 அப்பா கேட்டார்.

"எவ்வளவு காலமா?"

"நான் இஞ்ச வந்த காலம் தொட்டு."

"ஏன் சொல்லேல்லை?"

"முதல் வருசம் சொல்ல வாயெடுத்தனான். மாஸ்ரர் நுவரெலியா எண்டிட்டார். சுவெற்றரும் போட்டிட்டார். சுவெற்றர் போட்டு நிக்கிற மனுசனிட்ட என்னெண்டு சொல்றது?"

"சரி. இந்த வருசம்?"

 எனக்கு மூச்சு வந்து போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"சொன்னா பெடியனை விடமாட்டீங்க" என்றார் மாமா. "இவள் கட்டிலுக்கு மெத்தை தைச்சிட்டாள், மச்சான். பூப்போட்ட சீலையில. நான் ஒண்டும் ஆகாது எண்டு நினைச்சிட்டன்."

அப்பா அவரை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. திட்டவுமில்லை.

"தங்கச்சியிட்ட இதைச் சொல்லாத" என்றார். "நான் பாத்துக்கொள்றன்."

அம்மா திரும்பி வந்ததும் அப்பா செய்தியை இரண்டாகப் பிரித்து, பாதியைச் சொன்னார். பனியில்லை, சேனைப் புகை, இப்போதுதான் ஆஸ்பத்திரியில் கேட்டு அறிந்தேன் என்றார். அம்மா நெஞ்சில் கையை வைத்தார்.

"ஐயோ, அண்ணாவுக்கும் தெரியாமப் போச்சே!"

"அவனுக்கென்ன தெரியும்? ரயில் மட்டும்தான் தெரியும்" என்றார் அப்பா. வாசலில் நின்ற மாமா நிலத்தைப் பார்த்தார்.

"அப்ப பெடியன்?"

"கொட்டாஞ்சேனையில இருப்பான். அங்க முட்டு வந்தா என்ன சாமானெண்டாவது தெரியும்."

அம்மா சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் அது அழுகையாகிவிட்டது. என் உடுப்புப் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதார். மாமி வந்தபோது அவரும் சேர்ந்து அழுதார். ஒருத்தி பிள்ளை கிடைத்ததற்கு, மற்றவள் கிடைக்காததற்கு. அம்மா சாகும்வரை அப்பா அந்த மற்றப் பாதியைச் சொல்லவில்லை. இப்போது மூவருமே இல்லை, ஆகவே நான் சொல்கிறேன். மாமா மேல் எனக்குக் கோபம் வந்ததே கிடையாது. என்னை அவ்வளவு ஆசையாக யாரும் கேட்டதில்லை.

கண்ணாடி பூட்டிய பஸ்

இரண்டொரு நாளில் எங்கள் பஸ் ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்து என்னை ஏற்றியது. மாஸ்ரர் சட்டையோடு வந்தார், சுவெற்றர் போடவில்லை. அப்பா அவரையும் குணே அய்யேயையும் ஒதுக்கமாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். மாஸ்ரர் ஏறி நின்று அறிவித்தார்.

"கண்ணாடி எல்லாம் பூட்டுங்கோ. வழியில சேனை எரியுது. புத்தளம் தாண்டுமட்டும் ஒருத்தரும் திறக்கக்கூடாது. பீடி சிகரெட் ஒண்டும் வேண்டாம்."

ஆவணி வெயிலில், நிறைந்த பஸ்ஸில், ஒரு கண்ணாடி விடாமல் பூட்டினார்கள். அனுராதபுரம் தாண்டியதும் பார்த்தோம். றோட்டின் இரண்டு பக்கமும் கருகிய மரக் குற்றிகள், அடியில் இன்னும் புகைந்துகொண்டிருக்கும் நிலம், அதற்கு மேலே அதே வெள்ளை. நுவரெலியா பற்றி யாரும் பேசவில்லை. வேட்டித் தலைப்பால் விசிறினார்கள். பிள்ளைகளின் சட்டையைக் கழற்றினார்கள். நாளுக்கு இரண்டு கட்டு பீடி குடிக்கிற மனிதர்கள் பீடியை மணந்து பார்த்துவிட்டுக் காதில் செருகிக்கொண்டார்கள். ஒருவரும் கண்ணாடியில் கை வைக்கவில்லை.

பிலோமினா அன்ரிக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது, குமட்டிச் சத்தி வரும். திறந்த ஜன்னலோரம் இருந்து முகத்தில் காற்றுப் பட்டால்தான் கொட்டாஞ்சேனையை விட்டதும் வரும் பேலியகொடைப் பாலத்தையே தாண்டுவார். அன்றைக்கு எனக்கு முன் சீற்றில், பூட்டிய கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்தார். ஒரு தேசிக்காயை மூக்கில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருந்ததை ஒழுங்கையில் யாரும் அதற்கு முன் கண்டதில்லை. முகம் வாழைத் தண்டு நிறத்துக்கு வந்துவிட்டது.

"அன்ரி, கொஞ்சம் திறக்கட்டோ?" என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்.

கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டினார். வேண்டாம்.

புத்தளத்தில் உப்பளம் தெரிந்தது. காற்று பஸ்ஸின் பக்கத்தில் மோதி வண்டியை அசைத்தது. கடற்காற்று. குணே அய்யே பிரேக்கை அமுக்கி வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"தங் ஜனேல் அரின்ன!"

எல்லாக் கண்ணாடியும் ஒரே நேரத்தில் திறந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. உப்பும் ஈரமும் உள்ளே பாய்ந்தன. யாரோ ஒரு கிழவர் கைதட்டினார். நான் மூச்சை எடுத்தேன். திருப்பிக் கொடுத்தேன். அது விசில் இல்லாமல் போனது.

பிலோமினா அன்ரி கண்ணாடியைத் திறந்துவிட்டு, ஆனால் தலையை வெளியே போடாமல், முதலில் என் பக்கம் திரும்பினார்.

"வருதோடா, மூச்சு?"

"ஓம், அன்ரி."

"நல்லா வருதோ?"

"ஓம்."

"அப்ப சரி" என்றார். "இனி நான் சத்தி எடுக்கலாம்."

தலையை வெளியே போட்டார்.